ஏறினோமா? ஏற்றப்பட்டோமா? – கடாரக் கரைக்கு வந்த கப்பல்களின் கதை



பள்ளி விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்தில், ‘நான் கழித்த விடுமுறை’ என்னும் தலைப்பில் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்வது நம்மிடையே உள்ள பழைய வழக்கம். தலைப்பு பழையதுதான், எழுதும் பிள்ளைகள் மட்டும் ஆண்டுதோறும் புதியவர்கள். அண்மையில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வந்த இரண்டு கட்டுரைகள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தன.

முதல் மாணவன் தன் குடும்பத்தோடு கிள்ளான் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறி, மூன்று இரவுகள் கடலில் கழித்திருக்கிறான். நீச்சல் குளம், திரையரங்கு, எந்நேரமும் கிடைக்கும் உணவு என அவன் எழுதியவற்றில் கடலைப் பற்றி ஒரே ஒரு வாக்கியந்தான் இருந்தது. இரண்டாம் மாணவன் மெர்போக் ஆற்றில் தன் மாமா வைத்திருக்கும் சிறிய படகில் மீன் பிடிக்கப் போயிருக்கிறான். இயந்திரம் நின்றுவிட்டது, நீர் வற்றிப் படகு சேற்றில் அமர்ந்துவிட்டது, வெள்ளம் ஏறும்வரை கொசுக்கடியில் காத்திருந்தார்கள். இவ்வளவு துன்பத்தையும் விரிவாக எழுதிவிட்டு, ‘அடுத்த விடுமுறையிலும் போவேன்’ என்று முடித்திருந்தான்.

இவ்விரண்டையும் வகுப்பில் படித்துக் காட்டி, ‘உல்லாசக் கப்பலா, சொந்தப் படகா?’ என்று ஒரு சிறிய பட்டிமன்றமே நடத்தினேன். முடியும் தறுவாயில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ஐயா, எங்கள் பூட்டி கப்பலில்தான் இந்த நாட்டுக்கு வந்தாராம். அது இந்த இரண்டில் எந்த வகைக் கப்பல்?”

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அந்த மாணவிக்கு நான் தர வேண்டிய விடை. நம் பிள்ளைகள் எல்லாருக்கும் உரிய விடையும் இதுவே என்பதால் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

ஜெராய் மலையும் ஆறாம் பாகையும்

சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் வாழும் நமக்குக் குனோங் ஜெராய் என்பது மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கும் மலை. 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, கடற்கரைச் சமவெளியில் துணையின்றித் தனித்து நிற்கிறது. கடலோடிகளுக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். இலங்கையின் தென்கோடியும் ஜெராய் மலையும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில், வடக்கு ஆறாம் பாகையை ஒட்டி அமைந்துள்ளன. இலங்கையைச் சுற்றி வந்து நேர்கிழக்காகப் பாய் விரித்த மரக்கலம், சுமத்திராவின் வடமுனையைக் கடந்ததும் காண விரும்பிய அடையாளம் இம்மலைதான். தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டு வந்து சேர்க்கும். வடகிழக்குப் பருவக்காற்று திரும்ப அழைத்துச் செல்லும். இடைப்பட்ட திங்கள்களில் மலையடிவாரத்து ஆற்றுமுகத்தில் தங்கிப் பண்டம் மாற்றுவார்கள், கப்பலைச் செப்பனிடுவார்கள். பூஜாங் பள்ளத்தாக்கு பிறந்த காரணம் இதுவே. அங்கே புக்கிட் பத்து பகாட்டில் கோயில் அடித்தளமும், அதன் அருகே 1980இல் திறக்கப்பட்ட தொல்லியல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறைக் கட்டுமானங்களும் வெளிப்பட்டன.

இக்கரையின் பழம்பெயர் தமிழில் கடாரம். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, காழகம் என்னும் இடத்துப் பொருளையும் குறிக்கிறது. அதற்கு உரையெழுதிய நச்சினார்க்கினியர், காழகம் என்றால் கடாரம் என்று பொருள் தருகிறார். சோழன் முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் வழங்கினான். இச்செய்தி, லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் செப்பேடுகளில் இருக்கிறது. அவன் மகன் இராசேந்திரன் 1025இல் கடற்படை அனுப்பிக் கடாரத்தை வென்று ‘கடாரங்கொண்டான்’ என்று பெயர் பெற்றதை நாம் அனைவரும் அறிவோம்.

அறியாத ஒன்றையும் சொல்கிறேன். சுமத்திராவின் பாருஸ் கரையில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் வெட்டுவித்தது. வரும் கப்பல்களின் தலைவர்கள் எவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்பதைக் கூறும் அக்கல்வெட்டு, கப்பல் தலைவனை ‘மரக்கல நாயன்’ என்று குறிப்பிடுகிறது. அந்தச் சொல்லை என் வகுப்புக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். மெர்போக் ஆற்றுச் சேற்றில் சிக்கிய மாணவன், “அப்படியானால் என் மாமாவும் மரக்கல நாயன்தான்” என்றான். வகுப்பே சிரித்தது.

பெருமை பேசும்போது சற்று நிதானம்

இந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். கடாரம் முழுவதும் தமிழர் கட்டியது என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் சான்றுகள் அவ்வளவு எளியவை அல்ல. 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி செபராங் பிறைப் பகுதியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டு எழுத்தமைதி கொண்ட அக்கல்லில் தூபி ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. கடற்பயணம் நலமாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலும் இருக்கிறது. அதைச் செய்வித்தவன் பெயர் புத்தகுப்தன். பட்டம் ‘மகாநாவிகன்’, அதாவது பெருங்கப்பல் தலைவன். அவனுடைய ஊரான இரத்தமிருத்திகையை ஆய்வாளர்கள் வங்காளத்தில் காட்டுகிறார்கள். ஆக, இக்கரைக்குக் கப்பல் செலுத்தி வந்தவர் பலர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். இங்கேயே வாழ்ந்த மக்களின் உழைப்பின்றி எந்தத் துறைமுகமும் எழுந்திருக்காது.

மேலும், 1025இல் நடந்தது விருந்தினர் வருகை அன்று, படையெடுப்பு. கடாரத்து அரசனைச் சிறைப்பிடித்ததை இராசேந்திரனின் கல்வெட்டே கூறுகிறது. நம் பள்ளிக்கு அருகில் வாழும் மலாய்ப் பிள்ளைக்கு அது தன் மண்ணின்மீது நிகழ்ந்த தாக்குதல். இதையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாற்றுப் பாடம்.

சூலியா வணிகர்கள்

சோழர் காலத்தோடு தமிழர் கப்பல்கள் நின்றுவிடவில்லை. சோழமண்டலக் கரையின் நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து தமிழ் முசுலிம் வணிகர்கள் சொந்தக் கப்பல்களில் கெடாவுக்கு வந்து போனார்கள். இங்கு அவர்களைச் ‘சூலியா’ என்று அழைத்தனர். துணி கொண்டு வந்தார்கள். ஈயமும் பாக்கும் மிளகும் ஏற்றிச் சென்றார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இக்கரை யானைகள்கூடக் கப்பலேறிச் சோழமண்டலம் போயின. பதினெட்டாம் நூற்றாண்டில் கெடா சுல்தானின் வாணிகத்தைக் கவனித்த அதிகாரிகளுள் சூலியாக்களும் இருந்தனர். மலாய் மொழியில் கப்பலுக்கு வழங்கும் ‘காப்பால்’ என்னும் சொல் தமிழிலிருந்து சென்றது என்பது இந்த நெடுநாள் உறவின் அடையாளம்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபின் சூலியாக்களில் பலர் அங்கே சென்றனர். 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர்கள் நினைவைச் சுமந்து நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர்வரை அழைத்து வருவதாகவும், அவர்கள் வாணிகமும் கூலி வேலையும் செய்து சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, வேறு சிலர் அவ்விடத்துக்கு வருவதாகவும் லைட் எழுதியிருக்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது ‘ஊர் திரும்ப’ என்பதைத்தான். காற்று மாறியதும் கப்பல் திரும்பும்; வந்தவரும் திரும்பலாம்.

ஆனால் சொந்தக் கப்பல் என்றாலே அறம் நிறைந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டபோது, அவர்களை ஏற்றி வந்த பாய்க்கப்பல்கள் சிலவற்றுக்கு நம் கரையோர வணிகரே உடைமையாளர்கள். ஆட்களை அளவுக்கு மீறி அடைத்து ஏற்றியதால், பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. மரக்கல நாயன் தமிழனாக இருந்ததால் மட்டும் அடித்தட்டில் மூச்சு முட்டியவனுக்கு ஆறுதல் கிடைத்திருக்காது.

நீராவிக் கப்பல் வந்தது

பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்குக் காத்திராமல் குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் சேரும் கப்பலோடு பாய்க்கப்பலால் போட்டியிட முடியவில்லை. 1856இல் வேறு பெயரில் தொடங்கி 1862இல் ‘பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி’ என்று பெயர் மாறிய நிறுவனம், வங்காள விரிகுடாவின் போக்குவரத்தைத் தன் கைக்குள் கொண்டு வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கூலிகளை ஏற்றி வந்த பெரும்பாலான கப்பல்கள் இந்நிறுவனத்தினுடையவை.

1909இல் சயாமிடமிருந்து கெடா ஆங்கிலேயர் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. அதையொட்டி எழுந்த ரப்பர் அலையில் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் காடுகள் தோட்டங்களாயின. ஆள் சேர்ப்பதற்கு ஒரு முழு ஏற்பாடே உருவாகியிருந்தது. 1907இல் அமைந்த இந்தியர் குடிநுழைவுக் குழுவும், முதலாளிகளிடம் வரி பெற்று நடந்த நிதியும் கூலிகளின் கப்பற்கட்டணத்தைக் கொடுத்தன. கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டுவார். சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்களைத் தங்க வைத்து, அம்மை குத்திக் கப்பலில் ஏற்றுவார்கள். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்து, பின்னரே தோட்டத்திற்கு அனுப்புவார்கள்.

தமிழ் மொழி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. தோணியிலும் பாய்க்கப்பலிலும் தலைவனாக நின்றவனைக் கடற்கரைத் தமிழில் தண்டல் என்றும் தண்டையல் என்றும் சொல்வார்கள். நம் தோட்டங்களில் தண்டல் என்றால் வேலைக்காட்டில் ஆட்களை மேய்த்தவர். கடலில் சுக்கானைப் பிடித்தவனின் பெயர், இங்கே அதிகாலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டவருக்கும் வழங்கியது.

ராஜுலாவின் மேல்தட்டு

ராஜுலா என்னும் பெயரைக் கேட்டதும் நம் வீட்டு முதியவர்களின் முகம் மாறுவதைக் கண்டிருப்பீர்கள். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அக்கப்பல் ஏறத்தாழ 8,500 டன் கொள்ளளவு உடையது. தொடக்கத்தில் அதன் தட்டுகளில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோரை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பின்னர் இத்தொகை குறைக்கப்பட்டது. 2024இல் தன் முதற்பயணத்தைத் தொடங்கிய ‘ஐக்கன் ஆஃப் தி சீஸ்’ என்னும் உல்லாசக் கப்பலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது சுமார் 2,50,000 டன் கொள்ளளவு உடையது. ஏறக்கூடிய பயணிகள் அதிக அளவாக 7,600 பேர். இரு கப்பல்களின் கொள்ளளவையும் கணக்கிடும் முறைகள் வேறுபட்டவையே. இருந்தாலும் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று மாணவர்களையே வகுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் ஆளுக்கு முப்பது டன்னுக்கு மேல். மற்றொன்றில் இரண்டு டன்னுக்கும் குறைவு. கணிதப் பாட வேளையில் இவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

என் பாட்டி 1930களின் நடுவில், பத்து வயதுச் சிறுமியாகத் தன் பெற்றோருடனும் தம்பியுடனும் ராஜுலாவில் வந்தவர். கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டினார். தட்டில் பாய் விரித்துப் படுத்ததும், மழை வந்தால் சாமான்களோடு நகர்ந்ததும், வாந்தி எடுத்தே நாட்கள் கழிந்ததும் அவர் சொன்ன கதைகள். ஆனால் ஒருமுறைகூட அவர் ‘நான் கப்பல் ஏறினேன்’ என்று சொன்னதில்லை. ‘எங்களைக் கப்பல் ஏத்தி விட்டாங்க’ என்றுதான் சொல்வார்.

ஏறினேன் என்பது தன்வினை; ஏற்றினார்கள் என்பது பிறவினை. எத்தனையோ ஆண்டுகள் இப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்திருக்கிறேன். பாட்டியின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லில் அதன் முழுப் பொருளும் இருந்ததை மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன்.

சுக்கானைத் திரும்பப் பிடிக்க முயன்றவர்

ஏற்றப்படுவதை ஏற்காமல், சுக்கானைத் திரும்பக் கைப்பற்ற முயன்ற தமிழர் ஒருவர் உண்டு. வ.உ.சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். அவர் எதிர்த்துப் போட்டியிட்டது எந்த நிறுவனத்தை என்று நினைக்கிறீர்கள்? நம் முன்னோரைப் பினாங்குக்கு ஏற்றி வந்த அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியைத்தான். அது கட்டணத்தைக் குறைத்தது. ஒரு கட்டத்தில் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். 1911இல் அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் 1912 இறுதியில் விடுதலையானபோது மீட்டெடுக்கக் கப்பல்கள் இல்லை.

‘கப்பலோட்டிய தமிழன்’ என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அவர் கப்பல் ஓட்டியது தமிழன் பெருமைக்காக என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கட்டணத்தையும் வழித்தடத்தையும் எவன் முடிவு செய்கிறானோ அவனே பயணிகளின் விதியையும் முடிவு செய்கிறான் என்பதை அறிந்துதான் அவர் அதில் இறங்கினார். நம் தோட்ட வரலாறு அதற்கு நேரடிச் சான்று.

திரும்பும் நாள் யார் கையில்?

ரப்பர் விலை உயர்ந்தால் கப்பல்கள் கிழக்கே நிறைந்து வந்தன. விலை வீழ்ந்தால் அதே கப்பல்கள் மேற்கே நிறைந்து சென்றன. 1930 முதல் 1932 வரை உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை தேறியதும் மீண்டும் ஆள் சேர்ப்பு நடந்தது. 1938இல் இந்திய அரசு, உதவிக்கட்டணத்தில் கூலிகள் மலாயாவுக்குச் செல்வதைத் தடை செய்தது.

அதே 1938இல் நிறைவுற்ற மற்றொரு செய்தி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம் மக்கள் தங்கள் கைகளால் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். அவர் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று, அவ்வாண்டு ஆகத்து மாதம் அமெரிக்காவின் குளோசுட்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஆக, நீராவிக் கப்பல் வந்தபின்னும் கப்பல் கட்டும் அறிவும் கடலோட்டும் துணிவும் நம்மவரிடம் அற்றுப்போகவில்லை. அவை ஒரு கரையில் எஞ்சியிருந்த அதே காலத்தில், மற்றொரு கரையிலிருந்து நம்மவர் மூட்டை முடிச்சுகளோடு ஏற்றப்பட்டுக் கொண்டிருந்தனர்.

போருக்குப் பிறகும் ராஜுலா ஓடியது. அதன் உடன்பிறப்பான ரோணா என்னும் கப்பல், அமெரிக்கப் போர்வீரர்களை ஏற்றிச் சென்றபோது 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் செருமானியர் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. ராஜுலா பிழைத்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நம்மவர் பலர் அதில் தாமாகவே சீட்டு வாங்கி ஊர் பார்த்து வந்தனர். முதன்முறையாக அவர்கள் ‘ஏறினார்கள்’ என்று சொல்லலாம்.

ஆனால் இன்னொரு முறையும் ஏற்றப்பட்டோம். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. என் பாட்டியின் தம்பியும் அவர்களுள் ஒருவர். இங்கே வளர்ந்து, இங்கே மணந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பால்மரத்தடியில் உழைத்தவர். பாரம் நிரப்பத் தெரியாமலோ, நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லாமலோ குடியுரிமை பெறாமல் இருந்துவிட்டார். 1970இல் ஒரு தகரப் பெட்டியோடு பினாங்குத் துறையில் அவர் கப்பலில் ஏறியதைப் பாட்டி கரையில் நின்று பார்த்தார். அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை. இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

1973இல் ராஜுலா இந்திய அரசின் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் வழித்தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அந்தக் கப்பலின் பயணிகள் சேவையும் முடிந்தது.

இன்றைய லங்காவியில்

நம் கெடா மாநிலத்தின் லங்காவித் தீவில் என் மாணவர்களின் பட்டிமன்றத்தை நேரிலேயே காணலாம். 1987 முதல் தீர்வையற்ற தீவாக விளங்கும் அங்கே, ஒருபுறம் உல்லாசக் கப்பல்கள் அணையும் துறை. மறுபுறம் தெலாகா துறையிலும் ரெபாக் தீவிலும் குவா நகரிலும் பாய்ப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அப்படகுகளின் உடைமையாளர்கள் பலர் ஓய்வுபெற்ற வெளிநாட்டுத் தம்பதியர். கடலே அவர்களுக்கு வீடு. படகின் அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவதும், பாய் தைப்பதும், இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதும், காற்று முன்னறிவிப்பைப் பார்ப்பதுமாக அவர்கள் நாள் கழிகிறது. 1999இல் அசார் மன்சோர் என்னும் மலேசியர் ‘ஜாலோர் கெமிலாங்’ என்னும் பாய்ப்படகில் தனியாக உலகைச் சுற்றப் புறப்பட்டதும், ஆறு திங்களுக்குப் பின் திரும்பி வந்ததும் இதே லங்காவிக்குத்தான்.

உல்லாசக் கப்பலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆண்டு முழுவதும் உழைக்கும் பெற்றோர் மூன்று நாள் சமையலின்றி, சிந்தனையின்றி ஓய்வெடுப்பதில் தவறில்லை. அதில் பயணிப்பவர் சுக்கானை விரும்பியே பிறரிடம் ஒப்படைக்கிறார். ஏனென்றால் திரும்பும் நாள் சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. புறப்பட்ட துறைக்கே கப்பல் கொண்டு வந்து விடும். சொந்தப் படகுக்காரரோ திரும்பும் நாளை உறுதியாகச் சொல்ல இயலாதவர். ஆனால் சுக்கான் அவர் கையில் இருக்கிறது, அதன் சுமையும் அவருடையதே. ராஜுலாவின் தட்டில் வந்தவருக்குச் சுக்கானும் இல்லை, திரும்பும் நாளும் இல்லை.

ஆகவே, அந்த மாணவிக்கு என் விடை இதுதான்: “உன் பூட்டி வந்தது இந்த இரண்டு வகையிலும் சேராத மூன்றாம் வகைக் கப்பல். ஆனால் அவர் வந்ததால்தான் நீ இன்று இந்த இரண்டில் எது வேண்டும் என்று பட்டிமன்றம் பேச முடிகிறது.”

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்பாடத்திற்குப் பிறகு ஒரு தந்தை என்னைக் காண வந்தார். பண்போடுதான் பேசினார். “இராசேந்திர சோழனைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா, பிள்ளை பெருமைப்படுவான். கூலிக் கப்பல் கதை எதற்கு? அவன் தன்னைத் தாழ்வாக நினைத்துவிடுவானே” என்றார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. நானும் இளமையில் என் பாட்டி பால் வெட்டியவர் என்பதை நண்பர்களிடம் மறைத்தவன்தான்.

ஆயினும் என் கருத்து வேறு. சோழர் கப்பலில் நம் முன்னோர் இருந்தார்களா என்பதை எவராலும் மெய்ப்பிக்க முடியாது. ராஜுலாவின் தட்டில் இருந்தார்கள் என்பதற்கு நம் வீட்டு அலமாரியிலேயே சான்று இருக்கிறது: மஞ்சள் படிந்த பயணச்சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, ஒரு தகரப் பெட்டி. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பெருமையை மட்டும் சொல்லிவிட்டு, நூறு ஆண்டுக்கு முந்திய உழைப்பை மறைத்தால், பிள்ளை என்ன கற்கும்? கப்பல் செலுத்தியவன் மதிக்கத்தக்கவன், ஏற்றப்பட்டவன் மறைக்கத்தக்கவன் என்றுதானே? தாழ்வு மனப்பான்மை வருவது கதையைச் சொல்வதாலன்று, மறைப்பதால்தான்.

ஆசிரிய நண்பர்களுக்கு, நான் செய்து பார்த்த மூன்று செயல்களைக் கூறி முடிக்கிறேன்.

1. மெர்போக் அருங்காட்சியகத்திற்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, அதே நாளில் செமலிங் படகுத்துறைக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஆற்றில் படகேறி, நீர் மட்டத்திலிருந்து ஜெராய் மலையைப் பார்க்கும் பிள்ளைக்குக் கடாரம் ஏன் இங்கே தோன்றியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

2. ஒவ்வொரு மாணவரும் வீட்டு முதியவர் ஒருவரிடம் ‘கப்பல்’ என்னும் சொல்லை மட்டும் கூறி, அவர் சொல்வதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வரட்டும். ‘ஏறினோம்’ என்கிறாரா, ‘ஏத்தி விட்டாங்க’ என்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். தன்வினை, பிறவினை பாடத்திற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

3. வீட்டில் உள்ள பழைய சீட்டுகளையும் கடிதங்களையும் படமெடுத்துப் பள்ளியில் தொகுத்து வையுங்கள். ராஜுலாவில் வந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். இன்னும் பத்து ஆண்டுகளில் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

என் பாட்டியின் தகரப் பெட்டி இப்போது என் வகுப்பறையின் மூலையில் இருக்கிறது. சென்ற வாரம் உல்லாசக் கப்பலில் போன மாணவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா ஐயா கொண்டு வந்தார்கள்?” என்று கேட்டான். ஆம், இவ்வளவுதான் என்றேன். அவன் சிறிது நேரம் அதன் பூட்டைத் திறந்தும் மூடியும் பார்த்துக் கொண்டிருந்தான்.

மீண்டும் சந்திப்போம். உங்கள் வீட்டுக் கப்பல் கதைகளையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரிய நண்பன்